யார் காசில் படிப்பு?

சீடன்: ஐயா, படித்தவன்தானே சம்பாதிக்கிறான்? படிப்புக்கான செலவையும் அவனே ஏற்பதுதான் நியாயம் என்கிறார்கள். கூலி வேலை செய்பவர் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறார். அந்தக் காசில் இன்னொருவர் பிள்ளை ஏன் டாக்டராக வேண்டும்?

குரு: டாக்டர் படிப்பால் யாருக்குப் பயன்?

சீடன்: படித்தவருக்கு.

குரு: கடலூர் துறைமுகத்து மீனவருக்கு நெஞ்சு வலித்தால்?

சீடன்: அவருக்கும் பயன்தான்.

குரு: அப்படியானால் அவருடைய வரி, தனக்கு வேண்டிய வைத்தியரை உருவாக்க அவர் போட்ட முதல். கடன் வாங்கிப் படித்தவரோ முதலில் வட்டிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அவர் பணம் உள்ள ஊரைத் தேடிப் போவதில் வியப்பில்லை.

சீடன்: அந்த மீனவரின் பிள்ளைக்கே கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால்?

குரு: அப்போது உன் கேள்வி முழுக்க நியாயம். சாதி அடைத்துவைத்த கல்வியைத் திறக்கத்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அப்படித் திறந்ததைக் கட்டணம் மறுபடி அடைத்துவிடக் கூடாது.

சீடன்: அரசே நடத்தினால் அடைபடாது அல்லவா?

குரு: அதே ஊரில் நடந்ததைப் பார். 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு தன் பொறுப்பில் எடுத்தது. ஆனாலும் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் இருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 13 ஆயிரத்துச் சொச்சம். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். 2021இல் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. கட்டணமும் அரசுக் கல்லூரி அளவுக்கு இறங்கியது.

சீடன்: அரசும் கல்வியை விற்கலாம் என்கிறீர்கள்.

குரு: ஆம். படிப்பு சரக்கானால் மாணவர் வாடிக்கையாளர். விலை கட்டுப்படியாகாதவர் பேசாமல் விலகிப் போகிறார். குடியாட்சியில் அவர் குடிமகன். விலகாமல் நின்று கணக்குக் கேட்கிறார். சிதம்பரத்து மாணவர்கள் அன்று கற்றது பாடத்திட்டத்தில் இல்லாத அந்தக் குடிமைப் பாடத்தை.

சீடன்: குறைந்த கட்டணத்தில் படித்துவிட்டு ஊரை மறப்பவர்களும் உண்டே, ஐயா?

குரு: உண்டு. கட்டணத்தைக் குறைப்பது பாதி வேலைதான். யார் காசில் படிக்கிறோம் என்பதை வகுப்பிலேயே சொல்லித்தர வேண்டும். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமத்தில் ஒருவர் 'எங்களுக்கு டாக்டர் எங்கே?' என்று கேட்டால், அது உரிமையோடு கேட்கும் கேள்வி. மக்கள் பணத்தில் படித்தவர் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எல்லாரும் அவரவர் காசில் படிக்கும் நாட்டில் அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?