சார்ந்ததன் வண்ணமும் மின்கிதாரும்

ஆத்மாவுக்குத் தனக்கென்று ஒரு நிறம் உண்டா, அல்லது அது சேர்ந்திருக்கும் பொருளின் நிறமே அதன் நிறமாகத் தோன்றுகிறதா என்னும் விசாரம் தமிழ்நாட்டின் மடங்களிலும் கோயில் மண்டபங்களிலும் பல நூற்றாண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. அந்த விசாரத்துக்கு உதவக்கூடிய பிரத்தியட்சமான உதாரணம் ஒன்றை நம் காலத்து மின்கிதார்க் கலைஞர்கள், தத்துவ விளக்கம் எதையும் உத்தேசிக்காமல், கச்சேரி மேடையின் அவசியத்துக்காகவே இரும்புச் சட்டத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். பிரீஆம்ப் என்று அவர்கள் சொல்லும் முன்பெருக்கிகள் மூன்றையோ நான்கையோ ஒரே ரேக்கில் பூட்டி, காலால் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் ஒன்றை விட்டு மற்றொன்றுக்குத் தாவும்படி அமைத்துக்கொள்ளும் அந்த யந்திரத்தை நான் எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும், சைவ சித்தாந்த ஆசிரியரான மெய்கண்டார் தம் சிவஞான போதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் உயிரைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

திண்டுக்கல் போன்ற ஓர் ஊரில் இப்படிப்பட்ட சாதனம் எதற்கு என்று கேட்பவர்கள், மாசி மாதத்தில் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் நடக்கும் நாட்களில் மலைக்கோட்டையின் அடிவாரத்திலோ, நிலக்கோட்டை, வேடசந்தூர்ப் பக்கத்துச் சமவெளிக் கிராமங்களின் திருவிழாப் பந்தல்களிலோ ஓர் இன்னிசைக் கச்சேரியை முழுவதும் இருந்து கேட்டுப் பார்க்க வேண்டும். பக்திப் பாடலோடு தொடங்கும் கச்சேரி, அரைமணி நேரத்துக்குள் 1982ஆம் ஆண்டின் ‘இளைய நிலா’வுக்கு வந்து விடுகிறது, அந்தப் பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிதாரின் தெளிந்த, ஈரமான நாதத்தைக் கேட்டு வளர்ந்த ஜனங்கள், மேடையில் வாசிப்பவரிடமும் அதையே எதிர்பார்க்கிறார்கள். அதற்கு அடுத்த பாட்டு, தந்தி கரகரவென்று உறுமினாலன்றி உயிர் பெறாத ஒரு புதுப் பாட்டாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே கலைஞனுக்குக் கிடைக்கும் அவகாசம், அறிவிப்பாளர் அன்பளிப்புக் கொடுத்தவரின் பெயரைப் படித்து முடிக்கும் நேரந்தான்.

ரேக் என்பது 19 அங்குல அகலமுள்ள ஒரு சட்டம். அதில் ஏறும் ஒவ்வொரு கருவியின் உயரமும் 1.75 அங்குலத்தின் மடங்காக இருக்க வேண்டும் என்பது உலகமெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. பூட்டுக்கும் இரும்புப் பெட்டகத்துக்கும் பேர்போன திண்டுக்கல்லில் இந்தச் சட்டத்தை அடித்துக் கொடுக்கப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. உள்ளே ஏறும் கருவிகள்தாம் தொலைதூரத்திலிருந்து வருகின்றன. 1987இல் அமெரிக்காவில் வெளிவந்த ஏடிஏ எம்பி-1, 1992இல் இங்கிலாந்தின் மார்ஷல் நிறுவனம் செய்த ஜேஎம்பி-1 முதலிய பழைய வால்வு முன்பெருக்கிகள் இன்றும் கைமாறிக் கைமாறி விலைபோகின்றன. முன்புறம் வரிசையாகக் குமிழ்களும் சிறு எண் பலகைகளும் அழகாக ஒளிரும் அந்த ரேக்கின் பின்புறத்துக்குப் போய்ப் பார்த்தால், கறுப்பு ஒயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்க, ஒவ்வொன்றின் நுனியிலும் துணிநாடாவில் பேனாவால் எழுதி ஒட்டிய சிறு சீட்டைக் காணலாம். மூடியைக் கழற்றினால், சுண்டுவிரலுக்குச் சற்றுப் பெரிய 12ஏஎக்ஸ்7 வால்வுகளின் இழைகள் செந்நிறமாகக் கனன்றுகொண்டிருக்கும்.

இந்தக் கருவிகள் செய்யும் காரியத்தைச் சற்று விளங்கிக்கொள்வது நம் விசாரத்துக்கு அவசியம். கிதாரின் எஃகுத் தந்தி காந்தத்தின்மேல் அதிரும்போது அதைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, பல சமயங்களில் அதற்கும் குறைவு. அது ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை அசைக்கவும் வலியற்றது. முன்பெருக்கி அதை எடுத்துப் பெருக்குகிறது. ஒரு முன்பெருக்கி இரண்டே படிகளில், அலையின் வடிவத்தை அதிகம் கெடுக்காமல் பெருக்குகிறது; மற்றொன்று நான்கைந்து படிகளைத் தொடர்ந்து வைத்து, அலையின் முகடுகளை வெட்டித் தட்டையாக்கி, மூலத்தில் இல்லாத மேற்சுரங்களைப் பிறப்பித்து, அழுகைக்கும் கர்ஜனைக்கும் நடுவான ஒரு நாதத்தை உண்டாக்குகிறது. தந்தி ஒன்று, விரல் ஒன்று, சுரம் ஒன்று. குரல் மட்டும் வெவ்வேறு.

இவற்றுள் எது எப்போது பேச வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, 1983இல் இசைக்கருவி செய்வோர் கூடி ஏற்றுக்கொண்ட மிடி என்னும் ஒழுங்கு. காலடியில் உள்ள பெடல் பலகையில் ஒரு பொத்தானை அழுத்தினால், 128 எண்களில் ஏதேனும் ஓர் எண் மட்டும், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் ரேக்குக்குப் போய்ச் சேருகிறது. அந்த எண்ணில் ஒலி கிடையாது; இனிமையும் கடுமையும் கிடையாது. திண்டுக்கல் பூட்டின் சாவியில் பெட்டகத்துப் பொன் இல்லாதது போலவே, அந்த எண்ணுக்குள்ளும் நாதம் இல்லை. முன்கூட்டியே சங்கல்பித்து நினைவில் நிறுத்திய ஓர் ஏற்பாட்டை அது திறந்துவிடுகிறது, அவ்வளவுதான். எண் வந்தவுடன் ரேக்கினுள் ரிலேக்கள் ‘டிக்’கென்று இடம் மாற, ஒரு முன்பெருக்கி விலகி மற்றொன்று வழியில் வந்து நிற்கிறது.

இனித் தத்துவத்துக்கு வருவோம். கிதார் வாசிப்பவர்களிடையே பரவலாக உள்ள ஓர் அபிப்பிராயம், கலப்பற்ற தெளிந்த ஒலிதான் கிதாரின் உண்மையான ஸ்வரூபம் என்பதும், மற்றவையெல்லாம் அதன்மேல் போர்த்திய வேஷங்கள் என்பதும் ஆகும். இது அத்வைதிகளின் ஸ்படிக உவமைக்கு மிகவும் நெருங்கிய எண்ணம். செம்பரத்தம்பூவின் அருகில் வைத்த ஸ்படிகம் சிவப்பாகத் தோன்றினாலும் அந்தச் சிவப்பு உபாதியால் வந்ததேயன்றி ஸ்படிகத்தினுடையது அன்று. பூவை விலக்கிவிட்டால் ஸ்படிகம் தன் நிர்மலமான ஸ்வரூபத்தில் விளங்கும் என்பது அவர்கள் கொள்கை. அழகிய கொள்கை, பெரியோர்கள் பலரைத் தேற்றிய கொள்கை. ஆனால் ரேக்கின் முன் நின்று நேர்மையாகப் பார்க்கும்போது அது இங்கே பொருந்தவில்லை என்றே சொல்வேன். தெளிந்த ஒலி என்று நாம் கொண்டாடுவதும் ஒரு முன்பெருக்கியின் நிறமே. அதிலும் வால்வு உண்டு, அதிலும் பெருக்கம் உண்டு, அதையும் ஒருவர் அமர்ந்து திட்டமிட்டுக் குமிழ்களைத் திருகி அமைத்திருக்கிறார். எல்லா முன்பெருக்கிகளையும் விலக்கிவிட்டால் எஞ்சுவது சுத்த நாதம் அன்று, நிசப்தம்.

அந்த நிசப்தத்தை மேடையிலேயே காட்டலாம். ஒரு வழியிலிருந்து மற்றொரு வழிக்கு மாறும் கணத்தில் ஒலிபெருக்கியில் ‘டொப்’ என்ற அதிர்வு எழாமல் இருக்க, நன்றாக அமைக்கப்பட்ட சாதனம் சில மில்லிவிநாடி நேரம் ஒலியை அடக்கி வைக்கிறது. அந்தச் சிறு இடைவெளியில் விரல் தந்தியின்மேல் இருக்கிறது, தந்தி அதிர்ந்துகொண்டிருக்கிறது, சுருளில் மின்சாரம் பிறந்துகொண்டிருக்கிறது. ஆயினும் எதுவும் கேட்பதில்லை. சைவ சித்தாந்திகள் கேவல அவஸ்தை என்று கூறுவது இதற்கு ஒப்பான நிலையைத்தான். தனு, கரணம், புவனம், போகம் ஆகிய எதனோடும் கூடாமல் உயிர் தனித்துக் கிடக்கும் அந்த நிலையை அவர்கள் விடுதலை என்று சொல்லவில்லை. அறிவும் இச்சையும் செயலும் இருந்தும் இல்லாதனபோல் மழுங்கிக் கிடக்கும் இருள் என்றே சொன்னார்கள். மாயையின் காரியங்களான உடலும் கருவிகளும் அந்த இருளில் உயிருக்குக் கிடைத்த விளக்கு என்பது அவர்கள் துணிபு. கருவிகளை வெறுத்துத் தூற்றும் வைராக்கியப் பேச்சுக்குப் பழகிய நமக்கு, கருவிகளை அருளின் கொடையாகக் காணும் இந்தச் சித்தாந்தப் பார்வை எவ்வளவு ஆறுதலானது!

சிவஞான போதத்தின் ஏழாம் சூத்திரம் உயிரைச் சத்தும் அன்று, அசத்தும் அன்று, இரண்டையும் சார்ந்து அறியும் சதசத்து என்று நிறுவுகிறது. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் சுபாவம். தளையாகிய பாசத்தைச் சார்ந்தால் பாசமாகவும், இறைவனாகிய பதியைச் சார்ந்தால் பதியின் வண்ணமாகவும் அது நிற்கும். சாராமல் நிற்க அதற்கு இயலாது. ஆகவே, எதையும் சாராத என் சொந்தக் குரல் எது என்று தேடித் தவிப்பவன் விடையில்லாத கேள்வியைக் கேட்கிறான். எதைச் சார்வது என்பதே அவன் கேட்க வேண்டிய கேள்வி.

இதற்கு ஓர் ஆக்ஷேபம் எழும். எல்லா நிறமும் இரவல் என்றால், வாசிப்பவனுக்கு என்று மிஞ்சுவது என்ன? ஒரே ரேக்கில், ஒரே எண்ணைத் தேர்ந்து, இரண்டு பேரை ஒரே பாட்டை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் நான்கு சுரங்களுக்குள்ளேயே இவர் வேறு, அவர் வேறு என்று தெரிந்துவிடும். தந்தியை அழுத்தும் பாரம், இழுத்து வளைக்கும் அளவு, தாளத்துக்கு மயிரிழை முந்துவதும் பிந்துவதும் எந்த முன்பெருக்கியும் கொடுக்காதவை. அவை எல்லா வழிகளிலும் இருக்கின்றன. ஆனால் எந்த வழியையும் சாராமல் ஒருபோதும் வெளிப்படுவதில்லை. மாண்டலின் ஸ்ரீனிவாஸை நினைத்துப் பாருங்கள். எட்டுத் தந்திகள் இரட்டை இரட்டையாகக் கட்டிய மேல்நாட்டு மாண்டலினை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்மாண்டலினை அவர் ஏற்றபோது, இதில் கர்நாடக சங்கீதத்தின் கமகம் எப்படி நிற்கும் என்று சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். மின்பெருக்கியைச் சார்ந்ததனால்தான் மீட்டிய சுரம் நீண்டு நின்று, அந்த நீட்சியில் கமகத்துக்கு இடம் கிடைத்தது. 2014இல் அவர் மறைந்தபோது, அந்தக் கருவியின் நாதம் அவருடைய சொந்தக் குரலாகவே நம் காதுகளில் நிலைத்துவிட்டிருந்தது.

வேறோர் ஆக்ஷேபமும் உண்டு. அது காந்திகிராமத்துக்கு அருகில் வாழும் எவருக்கும் எழக்கூடியது. இரண்டு கை உள்ள மனிதனுக்கு நான்கு முன்பெருக்கிகள் எதற்கு? தேவைக்கு மேல் சேர்க்காமை என்று காந்தி வற்புறுத்திய அபரிக்கிரக விரதத்துக்கு இது விரோதம் அல்லவா? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஒன்றுக்கொன்று உண்மையிலேயே மாறுபட்ட சுபாவமுள்ள இரண்டு மூன்று கருவிகள் ஒரு கச்சேரிக் கலைஞனுக்கு நியாயமான தேவை. அதற்கு மேல் சேர்வது பெரும்பாலும் ஆசை. 128 இடங்கள் நினைவில் இருக்கின்றன என்பதற்காக 128 குரல்களையும் நிரப்ப முயல்பவன், ஏழெட்டுக் குரல்களைத் தவிர வேறெதையும் மேடையில் தொடுவதில்லை என்பதைத் தானே காண்பான். ஆயினும் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பற்றை அளக்க முடியாது. ஒரே ஒரு முன்பெருக்கியை வைத்துக்கொண்டு அதையே உலகம் என்று இறுகப் பிடித்திருப்பவனும் உண்டு.

இந்தச் சாதனத்தில் எனக்கு மிகவும் சிந்தனை தந்த பகுதி அதன் இரைச்சல். தனித்தனியே வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு முன்பெருக்கியும் அமைதியாகவே இருக்கிறது. நான்கையும் ஒயர்களால் இணைத்தவுடன், எங்கிருந்தோ ‘ம்ம்ம்’ என்று ஓர் ஓயாத ரீங்காரம் எழுகிறது. கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் எர்த்தோடு சேரும்போது அந்த வழிகள் ஒரு வளையமாகி, நம் நாட்டு மின்சாரத்தின் 50 சுழற்சி அதிர்வை உள்ளே இழுத்துக்கொள்வதே காரணம். கருவி ஒவ்வொன்றும் குற்றமற்றது. குற்றம் சேர்க்கையில் இருக்கிறது. வாசிக்கும்போது அது காதில் படாது. வாசிப்பை நிறுத்திய உடனே, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லும். உயிர் என்றுண்டோ அன்றே உடனிருப்பது ஆணவம் என்று சித்தாந்தம் சொல்வதை இதனோடு முழுவதும் ஒப்பிட முடியாது. இந்த இரைச்சல் பின்னால் வந்தது, நீக்கக்கூடியது. ஆனால் மறைந்திருந்து ஓய்வில் தலைகாட்டும் அதன் போக்கு ஆணவத்தின் போக்கே.

நீக்கும் வழி, ஒலிச் சமிக்ஞை செல்லும் பாதைகளில் பிரிப்பு டிரான்ஸ்பார்மர்களை வைத்து வளையத்தை அறுத்து, எல்லாக் கருவிகளுக்கும் மின்சாரத்தை ஒரே இடத்திலிருந்து, ஒரே எர்த்தோடு கொடுப்பதாகும். அப்படிச் செய்யப் பொறுமையில்லாத சிலர், பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்தோ, அதன் ஒயரை அறுத்தோ விடுகிறார்கள். இரைச்சல் நின்றுவிடும்; ஆனால் உள்ளே ஏதேனும் ஒரு கசிவு ஏற்பட்டால் இரும்புச் சட்டமும் கிதாரின் தந்தியும் உயிரைப் பறிக்கும் மின்சாரத்தைத் தாங்கி நிற்கும். கிதாரைப் பிடித்த கையோடு மைக்கில் உதட்டை வைப்பவனுக்கு அது நேரும்போது காப்பாற்ற யாருக்கும் அவகாசம் இருக்காது. ஜெனரேட்டரிலிருந்து நீண்ட ஒயர் இழுத்து, எர்த் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடும் பந்தல்களில் இந்த அபாயம் இன்னும் அதிகம். ஆகவே இளம் கலைஞர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எந்தக் காரணத்துக்காகவும் எர்த் ஒயரை அறுக்காதீர்கள் என்பதே. ஊர்த் திருவிழாக் குழுவினரிடம் கேட்டுக்கொள்வது, பந்தக்கால் நடும் அன்றே மேடைக்கு அருகில் ஒரு முறையான எர்த் குழியையும் தோண்டி, கச்சேரி தொடங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சோதித்துக் கொடுங்கள் என்பதே.