கொடுத்ததா, எடுத்ததா?

அண்ணாமலைப் பல்கலைக்கழக வாசலில் ஒரு மாணவனின் சிலை நிற்கிறது. பெயர் ராஜேந்திரன். 1965 ஜனவரி 27 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது போலீஸ் சுட்டதில் இறந்தவர். நான் அங்கே பொறியியல் படித்த நான்கு வருடமும் எங்களுக்கு அந்தச் சிலை ஓர் இடக்குறி. "ராஜேந்திரன் சிலைகிட்ட நில்லு, வந்துடறேன்" என்போம். ஜனவரி கடைசியில் கட்சிக்கு ஒரு மாலை விழும். மறுநாள் காய்ந்துபோன அந்த மாலைகளுக்குக் கீழே நின்றுதான் பஸ்ஸைப் பார்ப்போம்.

அவரை 'மொழிப்போர் தியாகி' என்கிறோம். முதல் சொல் மேல் எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இரண்டாவது சொல்தான் உறுத்துகிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியல் சட்டம் கொடுத்திருந்த பதினைந்து வருட அவகாசம் 1965 ஜனவரி 26-ஓடு முடிந்து, இந்தி மட்டுமே மத்திய அரசின் ஆட்சிமொழி ஆக வேண்டிய கட்டம். அந்தக் குடியரசு நாளைத் துக்க நாள் என்று அறிவித்தது தி.மு.க. ஆனால் தெருவை எடுத்துக்கொண்டவர்கள் மாணவர்கள். 25-ஆம் தேதி மதுரையில் பற்றிய கலவரம் இரண்டு நாளில் சிதம்பரத்துக்கு வந்தது. கோட்டையில் காங்கிரஸ் ஆட்சி, முதல்வர் பக்தவத்சலம். போராட்டம் மாநிலம் முழுக்க வாரக்கணக்கில் நீடித்தது. அரசுக் கணக்கே எழுபது பேரை ஒட்டி இறந்ததாகச் சொன்னது. பிப்ரவரி 11 அன்று பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வானொலியில் வந்து, இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்றார். 1967-ல் இங்கே ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

எனக்கு இது பாடம். கடலூரில் இருக்கும் அப்பாவின் நண்பர்களுக்கு இது இளமை. சில்வர் பீச்சில் சாயங்காலம் நடக்கிற கூட்டம் அது, எல்லோருக்கும் எழுபத்தைந்துக்கு மேல். ஊருக்குப் போனால் நானும் கூட நடப்பேன். அதில் இரண்டு பேருக்குள் இந்த விஷயத்தில் ஓயாத சண்டை. ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார், 65-ல் ஊர்வலம் போனவர். இன்னொருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, நான் மாமா என்று கூப்பிடுகிறவர். அதே ஊர்வலம் தெருவில் போகும்போது வீட்டுக்குள் உட்கார்ந்து படித்தவர். அதைப் பெருமையாகவே சொல்வார்.

"அந்தப் பையன் உயிரோட இருந்திருந்தா இன்னைக்கு ரிடையர் ஆகி பேரன் பேத்தியோட உக்காந்திருப்பான். என்னத்தக் கண்டான்? சிலைக்குக் கீழ காக்கா எச்சம்தான் மிச்சம்" என்பார் மாமா.

"அவன் செத்ததாலதான்யா உன் ரெண்டு பசங்களும் அமெரிக்காவுல இருக்கானுங்க. இங்கிலீசு எப்படி நின்னுது இங்க?" என்பார் வாத்தியார்.

பல வருடமாகக் கேட்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு துருவங்கள். ஆனால் இருவர் கையிலும் இருப்பது ஒரே கணக்கு நோட்டு. ஓர் உயிர் செலவாகியிருக்கிறது, அதற்கு வரவு என்ன? மாமா வரவுப் பக்கம் பூஜ்யம் போடுகிறார், வாத்தியார் அமெரிக்காவைப் போடுகிறார். உயிரைச் 'செலவு செய்தது' யார் என்று இரண்டு பேருமே கேட்பதில்லை. ராஜேந்திரனே தன் கையால் எடுத்துக் கொடுத்த மாதிரிதான் பேசுகிறார்கள்.

தியாகம் என்ற சொல்லிலேயே இது இருக்கிறது. த்யாகம் என்றால் விட்டுவிடுதல், கொடுத்துவிடுதல். தனித்தமிழ்க்காரர்கள் ஈகி என்பார்கள். ஈதல், அதுவும் கொடுத்தல்தான். (இந்திக்கு எதிராக இறந்தவர்களுக்கு வடசொல்லில் பட்டம் கொடுத்திருக்கிறோம் என்று வாத்தியாரைச் சீண்டினால் கோபப்படுவார்.) கிரேக்கத்தில் மார்ட்டிர் என்ற சொல்லுக்கு மூலப்பொருள் சாட்சி. அரபியில் ஷஹீத் என்பதும் சாட்சியோடு சேர்ந்த வேர்தான். சாட்சி என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாக வந்துவிடும்: எதற்குச் சாட்சி, யாருக்கு எதிராக? கொடை என்று சொன்னால் வாங்கிக்கொண்டு நன்றி சொல்வதோடு முடிந்துவிடுகிறது.

நம்மிடம் வேறு மரபு இல்லாமல் இல்லை. நடுகல் இருக்கிறது. செங்கம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யார் மாடு பிடிக்க வந்தார்கள், எந்த ஊர் மாடு, மீட்கப்போய் 'பட்டான்' யார் என்று கல்லில் இருக்கும். ஒரு குட்டி எஃப்.ஐ.ஆர். மாதிரி. பட்டான் என்ற சொல் எவ்வளவு நேர்மையானது! அவன் மேல் ஒன்று வந்து பட்டது. எறிந்தவன் ஒருவன் இருக்கிறான்.

என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சர்வர் படுத்துவிட்டால் மறுநாள் 'போஸ்ட்மார்ட்டம்' எழுதுவோம், அதே சொல்தான். அதில் யார் பெயரும் வரக்கூடாது என்பது விதி. "தவறான கட்டளை இயக்கப்பட்டது" என்று எழுதுவோம், இயக்கியவன் இருக்கமாட்டான். மென்பொருளுக்கு இது நல்ல விதி. பெயர் போட ஆரம்பித்தால் எவனும் உண்மையைச் சொல்லமாட்டான். ஆனால் மனிதர்களைச் சுட்ட விஷயத்துக்கும் நாம் இதே நடையில்தான் எழுதுகிறோம். "துப்பாக்கிச்சூட்டில் உயிர் நீத்தார்." நீத்தார்! அவரே நீத்தாராம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் சுடப்பட்டு இறந்தவர்களையும் அன்று இரவே தியாகிகள் என்று அழைத்தோம். அவர்கள் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனவர்கள். உயிரைக் கொடுக்கப் போகவில்லை.

இனி வாத்தியாரின் அமெரிக்காவுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் நானும் இருக்கிறேன். ஆங்கிலம் தொடர்ந்ததால்தான் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கணினித் துறையில் நுழைந்தார்கள் என்ற வாதத்தை என் வயசுக்காரர்களும் ஆசையோடு சொல்கிறார்கள். ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் மும்மொழி படித்த பெங்களூரும் ஹைதராபாத்தும் எங்களைவிடப் பின்னால் நிற்கவில்லையே? எண்பதுகளில் திறந்த சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள், 1991-க்குப் பிறகான பொருளாதாரம், இடஒதுக்கீடு, அடகுக்குப் போன அம்மாக்களின் நகைகள் என்று காரணங்கள் வரிசையில் நிற்கின்றன. சரி, முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் என் சம்பளத்தைக் கொண்டுபோய் ஒரு பையனின் மரணத்துக்கு நியாயமாக வைப்பது எனக்குக் கூசுகிறது. நாளைக்கு ஏ.ஐ. வந்து என் வேலை போனால் அவன் செத்தது வீண் ஆகிவிடுமா?

மாமாவின் கணக்கு இன்னும் மோசம். போராடினவன் அழிந்தான், படித்தவன் பிழைத்தான் என்கிறார். 65-ல் போராடியவர்களில் பெரும்பாலோர் அழியவே இல்லை. மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967-ல் விருதுநகரில் காமராஜரையே தோற்கடித்தார். மதுரை மாணவர் காளிமுத்து பிற்பாடு அமைச்சரானார், சபாநாயகரும் ஆனார். ஊர்வலம் போன எங்கள் வாத்தியார் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்திவிட்டு பென்ஷன் வாங்குகிறார். ராஜேந்திரனுக்கும் இவர்களுக்கும் கொள்கையில் என்ன வித்தியாசம்? குண்டு எந்தப் பக்கம் போனது என்பதுதான் வித்தியாசம். அதை வைத்துக்கொண்டு வாழ்க்கைப் பாடம் எடுக்க முடியாது.

மாமாவிடம் ஒருமுறை இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அதான் தம்பி பயம். அந்தப் பக்கம் போகுமா இந்தப் பக்கம் போகுமான்னு தெரியாதுல்ல. எங்க அப்பா கூலிக்காரரு. நான் ஒருத்தன் போயிருந்தா வீடே போயிருக்கும்" என்றார். அவர் சொன்னதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான். இதில் ராஜேந்திரனைப் பற்றி ஒரு தீர்ப்பும் இல்லை. தன் வீட்டைப் பற்றி மட்டும் சொன்னார்.

யாரைத் தியாகி என்பது என்பதை வென்றவர்கள் தீர்மானிக்கிறார்கள் என்பதற்கும் அதே பல்கலைக்கழகத்தில் உதாரணம் இருக்கிறது. 1971-ல் முதல்வர் கருணாநிதிக்கு டாக்டர் பட்டம் கொடுத்ததை எதிர்த்து மாணவர்கள் போராடினார்கள். தடியடி நடந்தது. பிறகு குளத்தில் ஒரு மாணவனின் உடல் கிடந்தது. உதயகுமார் என்றார்கள். அது அவன்தானா என்பதே விசாரிக்க வேண்டிய கேள்வியானது. அது தன் மகன் இல்லை என்று தகப்பனார் சொன்னதாகவும், அப்படிச் சொல்ல வைக்கப்பட்டதாகவும் அரை நூற்றாண்டாக இந்த ஊர் பேசிக்கொண்டிருக்கிறது. ஆறே வருடம்தான் இடைவெளி. முன்னவரின் போராட்டத்தால் வளர்ந்த கட்சி பின்னவரின் காலத்தில் ஆட்சியில் இருந்தது. ஒருவருக்கு வாசலில் சிலை, இன்னொருவருக்கு அடையாளமே தகராறு. எதிர்க்கட்சி மேடைகளில் தேர்தலுக்குத் தேர்தல் உதயகுமார் வருவார், பிறகு போய்விடுவார்.

உண்மையிலேயே தானாகக் கொடுத்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளித்தார். அதற்கு ஏழு மாதம் முன்பு சைகோனில் புத்த பிக்கு திக் குவாங் டுக் செய்ததை உலகமே படத்தில் பார்த்திருந்தது. சின்னச்சாமிக்கு மனைவி இருந்தார், சின்னப் பெண்குழந்தை இருந்தது. அவரைக் கோழை என்றோ பைத்தியம் என்றோ சொல்லத் துணிகிறவன் நானில்லை. ஆனால் அவரைப் புகழும் மேடைகளைக் கேட்டால் வயிற்றைக் கலக்குகிறது. பேசுகிறவரின் பிள்ளை அந்த நேரத்தில் டியூஷனில் இருக்கும், கீழே கேட்கிறவனின் பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அடுத்த வருடமே அதே வழியில் போனவர்கள் சிலர். மேடை அழைத்ததா என்றால், அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான். செத்தவனுக்கு மட்டுமே முதல் வரிசை என்று ஒரு சமூகம் ஏற்பாடு செய்துவைத்தால், வேறெங்கும் இடம் கிடைக்காதவன் அதைப் பார்க்கத்தான் செய்வான். இறந்தவரை மதிக்க வேறு வழி இருக்கிறது. எந்தப் பேச்சு கேட்கப்படாததால் அந்த மனிதன் அந்த முடிவுக்குப் போனான் என்பதை எடுத்துப் பேசலாம்.

சிதம்பரத்துக்கு நெருப்பு புதிதில்லை. நந்தனார் ஊர் அது. பெரியபுராணத்தில் அவர் தில்லைக்குள் நுழைவதற்கு முன் தீயில் இறங்கி எழுகிறார். ஏற்பாடு செய்யச் சொல்லி இறைவனே கனவில் வருகிறார், அவர் கனவிலும் தில்லைவாழ் அந்தணர் கனவிலும். இதைவிடச் சுத்தமான, யார் பெயரும் இல்லாத போஸ்ட்மார்ட்டம் எங்கே கிடைக்கும்? தீயை மூட்டியவர்கள் கட்டளையைச் செய்தவர்கள், கட்டளையிட்டவர் கடவுள், இறங்கியவர் விரும்பி இறங்கியவர். கோபாலகிருஷ்ண பாரதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதைப் பாட்டாக்கிய பிறகு ஊரெல்லாம் நந்தனுக்காக அழுதது. அழுதவர்கள் கோயிலைத் திறக்கவில்லை.

நந்தனார் தீயில் இறங்கியதாகச் சொல்லப்படும் இடம் சிதம்பரத்தில் ஓமக்குளம். 1916-ல் சுவாமி சகஜானந்தர் தொடங்கிய நந்தனார் பள்ளி அங்கேதான் இருக்கிறது. அவரும் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். துறவி, ஆனால் பல வருடம் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார், கோயில் நுழைவுக்கும் பேசினார். வாத்தியாரின் போராட்டமும் மாமாவின் 'படிச்சு முன்னேறு'வும் அவரிடம் இரண்டு விஷயமாக இருந்ததாகத் தெரியவில்லை. சேரிப் பிள்ளைகள் படிப்பதே அன்றைக்குப் போராட்டம், அதைத் தடுக்கத் தெருவுக்குத் தெரு ஆள் இருந்த காலம். பள்ளிக்கு அவர் வைத்தது தன் பெயரை இல்லை. நெருப்பில் இறங்கச் சொல்லப்பட்டவரின் பெயர். அந்த இடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் கையில் சிலேட்டைக் கொடுத்தார்.