பக்கத்து வீட்டுக் குஞ்சு

2019 ஜூனில் எடின்பரோவில் ஆன்சைட் வேலையாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை மே தீவுக்குப் போனேன். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர் தள்ளி, ஃபோர்த் முகத்துவாரத்தில் இருக்கும் சின்னத் தீவு அது. படகில் வந்த எல்லோரும் பஃபின் பார்க்கத்தான் வந்திருந்தார்கள். நானும்தான். ஆனால் என்னை நிற்கவைத்தவை கில்லமாட் பறவைகள். செங்குத்துப் பாறையின் விளிம்புகளில், காலை எட்டரை மணி மின்சார ரயிலில் நிற்பதுபோல, தோளோடு தோள் ஒட்டி நின்றுகொண்டிருந்தன.

பார்க்கப் பென்குவின் மாதிரி இருந்தாலும் கில்லமாட் பறக்கும். கரும்பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு, எடை சுமார் ஒரு கிலோ. இறக்கைகள் சிறியவை; நீருக்கடியில் துழாவுவதற்குத்தான் தோதானவை. 100 மீட்டருக்கும் கீழே மூழ்கி மீன் பிடிக்கும். கூடு கட்டாது. வெறும் பாறையில் ஒரே ஒரு முட்டை, ஒரு முனை கூர்ந்து பேரிக்காய் வடிவில் இருக்கும். நீலம், பச்சை, வெள்ளை என ஒவ்வொன்றும் ஒரு நிறம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு கிறுக்கல். அவ்வளவு நெரிசலிலும் தன் முட்டை எதுவென்று பறவைக்குத் தெரிவது அதனால்தான். பிறந்து மூன்று வாரம் போல ஆனதும், பறக்கத் தெரியாத குஞ்சு விளிம்பிலிருந்து கடலை நோக்கிக் குதிக்கும். அதன் பிறகு வாரக்கணக்கில் கடலில் வைத்து வளர்ப்பது தகப்பன்.

அந்த நெரிசல் ஒரு தற்காப்பு. பறவைகள் இடைவெளி விடாமல் நிற்கும் விளிம்பில் முட்டை திருடும் கடற்காகங்களுக்குக் கால்வைக்க இடமிருக்காது. ஆனால் ஒரு சதுர மீட்டரில் 20 ஜோடிகள்வரை நின்றால் சண்டை வராமலா இருக்கும்? வரும். அதைத் தணிக்கத்தான் அவை ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிடுகின்றன. தன் இணைக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்கும் பறவைக்கும். பெற்றோரில் ஒன்று கடலுக்குப் போனால் மற்றது குஞ்சோடு நிற்கும். எப்போதாவது குஞ்சு தனியாக விடப்பட்டால், பக்கத்துப் பறவை அதைத் தன் இறக்கைக்குள் அணைத்துக்கொள்வதுண்டு. குளிரிலிருந்தும் கடற்காகத்திடமிருந்தும் அது பிழைத்துக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் டீம் ஞாபகம்தான் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரம், ரிலீஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரர் என் லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார்: "நீ கிளம்பு. இத நான் பாத்துக்கிறேன்." மூன்று இரவு அவர் தூங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மூன்று இரவுகளைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை.

2007-இல் மே தீவைச் சுற்றியுள்ள கடலில் குஞ்சுகளுக்கேற்ற மீன் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஒரு பறவை தேடிக் கொண்டுவருவது போதவில்லை. பெற்றோர் இரண்டுமே கடலுக்குப் போக வேண்டியதாயிற்று. விளிம்புகளில் குஞ்சுகள் தனியாக நின்றன. சில, கதகதப்புக்காகப் பக்கத்துப் பறவையிடம் ஒதுங்கின. வழக்கமாக அணைத்துக்கொள்ளும் பறவைகள் இம்முறை கொத்தின. கொத்திக் கொன்றன, பாறையிலிருந்து தள்ளிவிட்டன. அந்த ஆண்டு அங்கே குஞ்சுகள் செத்ததற்கு முக்கியக் காரணமே அண்டைப் பறவைகளின் தாக்குதல்தான் என்று ஆய்வாளர்கள் அடுத்த ஆண்டு எழுதினார்கள்.

கொன்ற பறவைகள் அந்தக் குஞ்சுகளைத் தின்னவில்லை. அவற்றுக்கு அதனால் ஒரு கவளமும் லாபமில்லை.

பசி வந்தால் என்னென்ன பறந்துபோகும் என்பதற்கு நம்மிடம் ஒரு பட்டியலே இருக்கிறது. ஆகவே முடிவு சொல்வது சுலபம்: நல்ல குணம் என்பது மீன் இருக்கும்வரைதான். என் தொழிலில் இதற்கு ஒரு ஒப்புமைகூட உண்டு. சர்வர் தாங்குமா என்பது லோடு ஏற்றினால்தான் தெரியும். நெருக்கடியில் வெளிப்படுவதே நிஜ முகம், மற்றதெல்லாம் பாசாங்கு. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். அப்படி நம்ப எனக்கு ஒரு காரணம் இருந்தது.

2023-இல் ஆட்குறைப்பு வரப்போகிறது என்று பேச்சு எழுந்தது. ஒரு வியாழக்கிழமை படிவம் ஒன்று வந்தது. கூட வேலை செய்பவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் சில வரிகள் எழுத வேண்டும், மறுநாள் மாலைக்குள். பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றி நான் எழுதியது: 'பழைய சிஸ்டம்களில் நல்ல பிடிமானம் உள்ளவர். புதியவற்றுக்கு மாறக் கொஞ்சம் அவகாசம் தேவைப்படுகிறது.' பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மூன்று இரவுகளை நான் எழுதவில்லை. ஆறு வாரம் கழித்து அவர் போனார், நான் இருந்தேன். என் வரியால்தானா என்று தெரியாது. தெரியாமலிருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

கில்லமாட் பற்றிப் படித்தபோது முதலில் வந்தது நிம்மதிதான், வெட்கத்தோடு சொல்கிறேன். பாரு, பறவையே இப்படித்தான் இருக்கு!

ஆனால் அந்த வாதம் நிற்கவில்லை. முதலாவது, லோடு குறைவாக இருக்கும்போது ஒழுங்காக வேலை செய்யும் சர்வர் நடிக்கவில்லை. அந்த நேரத்தில் அதன் பயனர்களுக்கு வேலை நடக்கிறது. மீன் இருந்த ஆண்டுகளில் அண்டைப் பறவையின் இறக்கைக்குள் பிழைத்த குஞ்சுகள் நிஜமாகவே பிழைத்தன. 2007 அவற்றை ரத்துசெய்துவிடாது. அன்பும் நிஜம், கொத்தலும் நிஜம். நல்ல குணத்துக்குக் கொஞ்சம் உபரி வேண்டியிருக்கிறது என்றால் அது அந்தக் குணத்துக்கு இழுக்கில்லை. அந்த உபரியை மற்றவர்களிடமிருந்து பறிக்காமல் இருப்பதும் அறத்தில் சேர்த்தி என்றுதான் அதற்கு அர்த்தம்.

இரண்டாவதுதான் எனக்கு வலித்தது. அந்தப் பறவைகளுக்குக் கடலில் நிஜமாகவே மீன் இல்லை. எனக்கு? அந்த வியாழக்கிழமை என் வங்கிக் கணக்கில் எட்டு மாதச் செலவுக்குப் பணம் இருந்தது. ஊரில் வீடு இருந்தது. என்னிடம் இருந்தது மீன் தீர்ந்துவிடுமோ என்ற பயம் மட்டும்தான். பறவைக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெரிய தத்துவத்தில் தேட வேண்டியதில்லை. அது கொத்த ஒரு நொடிகூட ஆகாது. எனக்கு ஒரு முழு நாள் அவகாசம் கொடுத்திருந்தார்கள். 'அவகாசம்' என்ற சொல்லையே அழித்து அழித்து, மூன்று தடவை மாற்றிப் போட்டேன். பசித்தவன் அவ்வளவு நிதானமாகச் சொல் தேர்ந்தெடுப்பதில்லை.

நெருக்கடி என் நிஜ முகத்தைக் காட்டிவிட்டது என்று இனி சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னால் அதில் எனக்கு வேறு வழியே இருக்கவில்லை என்று ஆகிவிடும். வழி இருந்தது. மூன்று இரவுகளைப் பற்றி ஒரு வரி சேர்த்திருக்கலாம். அதனால் ஒருவேளை ஒன்றும் மாறாமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த வரி என் கையில் இருந்தது.

கில்லமாட்கள் 20 ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியவை. பெரும்பாலும் ஒவ்வொரு வசந்தத்திலும் அதே பாறை, அதே விளிம்பு, அதே சாண் இடத்துக்குத்தான் திரும்பி வருகின்றன. அப்படியானால் 2008-இல், கொத்திய பறவைகள் பலவும் குஞ்சை இழந்த பறவைகளின் பக்கத்திலேயே மறுபடி நின்றிருக்க வேண்டும், கழுத்துக்குக் கழுத்து. அதற்குப் பெயர் மறதியா மன்னிப்பா என்று பறவையைக் கேட்க முடியாது.

அவர் இப்போது வேறு ஊரில், வேறு வேலையில் இருக்கிறார். பிறந்தநாளுக்கும் பொங்கலுக்கும் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறோம். அந்தப் படிவத்தைப் பற்றி நான் அவரிடம் சொன்னதில்லை. இந்தக் கட்டுரை வெளியானதும் முதலில் அவருக்குத்தான் அனுப்பப்போகிறேன்.