சீருடையும் சாட்சியமும்

சாட்சி கூறுபவர் வகிக்கும் பதவியைக் கொண்டு, அவர் கூறுவது உண்மையென முடிவு செய்யலாமா? எளிதாகத் தோன்றும் இக்கேள்வியில் நீதிமன்றங்கள் இடறியதால், ஆறு மனிதர் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் வாடினர்.

1974 நவம்பர் 21 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் இரு மதுக்கூடங்களில் குண்டுகள் வெடித்து 21 பேர் மாண்டனர். வட அயர்லாந்தில் பிறந்த ஆறு பேர் கைதாகி, 1975-இல் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களுக்கு எதிராக நின்ற முதன்மைச் சான்றுகள் இரண்டு: கைகளில் வெடிமருந்தின் தடயம் இருப்பதாகக் காட்டிய சோதனை, காவலரிடம் நால்வர் கையொப்பமிட்ட ஒப்புதல் வாக்குமூலங்கள். அடித்தும் அச்சுறுத்தியும் பெறப்பட்டவை அவை என்றனர் கைதிகள். இல்லை என்றனர் காவலர். நீதிமன்றம் காவலரை நம்பிற்று.

தம்மை அடித்ததற்காக அவர்கள் காவல்துறைமீது தொடுத்த உரிமையியல் வழக்கை, 1980-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. அப்போது டெனிங் பிரபு கூறிய காரணங்களுள் ஒன்று நம்மைத் திடுக்கிட வைக்கிறது. இவர்கள் வென்றால், காவலர் வன்முறை செய்து பொய்ச்சாட்சியும் கூறினர் என்றாகிவிடும். அத்துணைக் கொடிய நிலை நேரவிடலாகாது. ஆகவே வழக்கு தொடரலாகாது என்பதே அதன் சாரம். சொல்லப்பட்டது உண்மையா என்று அவர் ஆராயவில்லை. உண்மையானால் என்னவாகும் என்றே அஞ்சினார்.

1988-இல் தீர்ப்பான குற்றவியல் மேல்முறையீட்டிலும் இதே கதைதான். கைதிகள் துன்புறுத்தப்பட்டதை முன்னாள் காவலர் ஒருவரே எடுத்துரைத்தும், நீதிபதிகள் அவரை நம்பவில்லை. இறுதியில் உண்மையை உரைத்தது காகிதம். ஒரு தாளில் எழுதும்போது அடியிலுள்ள தாளில் பதியும் அழுத்தத் தடங்களைக் காட்டும் சோதனை, விசாரணையின்போதே எழுதியதாகக் காவலர் ஆணையிட்டுக் கூறிய குறிப்புகள் அவ்வாறு எழுதப்படவில்லை என வெளிப்படுத்தியது. வெடிமருந்துச் சோதனையும் நம்பத்தக்கதன்று எனத் தெளிவாயிற்று. 1991 மார்ச் 14 அன்று அறுவரும் விடுதலையாயினர்.

காவலர் அனைவரும் பொய்யர் என்பதோ நாம் பெறும் பாடம்? அன்று. சீருடையைக் கண்டதும் நம்புவதும், சீருடையைக் கண்டதும் ஐயுறுவதும் ஒரே தவற்றின் இரு பக்கங்களே. இரண்டிலும் சாட்சியம் சோதிக்கப்படுவதில்லை. மேல்முறையீட்டு நீதிபதிக்கு இச்சோதனை இன்னும் கடினமானது. பெரும்பாலும் அவர் சாட்சியின் முகத்தைக் காண்பதில்லை. ஏட்டை மட்டுமே காண்கிறார். கீழ் நீதிமன்றத்தின் முடிவைக் காக்கும் நாட்டமும் அவருக்குள் உண்டு. எனவே அவர் மும்மடங்கு விழிப்புடன் கேட்க வேண்டியவை சில உண்டு. இச்சொல் எப்போது எழுதப்பட்டது? சார்பற்ற வேறு சான்றோடு ஒத்துப்போகிறதா? நம்பப்பட்டால் எவருக்கு ஆதாயம்?

தானியேல் நூலில் சூசன்னாவுக்கு எதிராகச் சாட்சி கூறிய இருவரும் மக்களின் மூப்பர்கள், நடுவர்கள். அதனாலேயே சபை அவர்களை நம்பி அவளுக்குச் சாவுத் தீர்ப்பளித்தது. தானியேலோ இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எம்மரத்தின் அடியில் கண்டீர் என வினவினார். விடைகள் முரண்பட்டன, மாசற்றவள் பிழைத்தாள்.

நீதிபதிகளை எடைபோடும் நாமும் ஒன்றை அறிக்கையிட வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், பங்கில் பொறுப்பு வகித்த ஒருவரைப் பற்றி ஓர் ஏழைக் கைம்பெண் நம்மிடம் முறையிட வந்தார். அவர் கூறி முடிக்குமுன்பே, இது உண்மையானால் பங்கின் பெயர் என்னாவது என்று நம் உள்ளம் பதறிற்று. ஆறுதல் கூறி அனுப்பிவிட்டோம். அவர் மீண்டும் வரவில்லை. அவர் கூறியது மெய்யோ பொய்யோ, இன்றும் நாம் அறியோம். ஏனெனில் நாம் வினவவே இல்லை.