உலகமும் உள்வீடும்

நார்வே தேசத்துத் திரொன்ஹெய்ம் நகரில் 1990 முதல் ஈராண்டுக்கொரு முறை சர்வதேச மாணவர் விழா நடைபெற்று வருகிறது. அதனை நடத்துவோர் மாணவர்களே. பல தேசத்து இளைஞர் கூடி உலகப் பிரச்சினைகளை ஆராய்கின்றனர். 1999 முதல் மாணவர் சமாதானப் பரிசும் வழங்கப்படுகிறது. முதற்பரிசு கிழக்குத் தீமோர் மாணவர்க்குரியதாயிற்று. இவற்றினும் நாம் மெச்சுவது யாதெனில், வரும் அயலாரை அவ்வூரார் தம் இல்லங்களில் தங்கவைப்பதேயாம்.

நம் கெடாவிலும் சிந்தோக்கில் வடமலேசியப் பல்கலைக்கழகமும், செமிலிங்கில் நம்மவர் முயற்சியால் எழுந்த எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகமும் உள. அங்குப் பயிலும் நம் பிள்ளைகளும் இத்தகைய விழாக்களை நடத்த வேண்டுமென்பதே நம் அவா.

ஆனால் ஒன்று கேட்கிறோம். அயல்நாட்டு மாணவனை நடுக்கூடத்தில் அமர்த்தி விருந்திட்டு மகிழும் நாம், நம்மோடு ஒரே லயத்தில் வாழ்ந்து பால்மரம் வெட்டியவரின் மகன் பெண் கேட்டு வந்தால் ஜாதியை வினவுவதேன்? தூரத்து மனிதனை நேசித்தல் எளிது. அவன் விருந்துண்டு விடைபெறுவான். பக்கத்து மனிதனோ உறவு கேட்பான். நம் அறம் சோதிக்கப்படுவது அங்கேதான்.

ஆயின் விழா வீணோ? அன்று. அயலானுக்குக் கதவு திறக்கப் பழகிய கை அண்டை வீட்டானுக்கும் திறக்கக் கற்கலாம். பெற்றோரே, அக்கையைத் தடுக்காதீர்!