கைவேலைக்கு எல்லை எது?

கொத்தனாரையும் பிளம்பரையும் எதிர்பாராமல், குளியலறையைத் தாங்களே திருத்தியமைக்க நம்மவர்களில் சிலர் முற்படுகிறார்கள். கூலி மிச்சம் என்பது ஒரு காரணம். அந்நிய ஆடவர் நாட்கணக்கில் வீட்டினுள் நடமாடுவதைத் தவிர்க்கலாம் என்பது மற்றொன்று. இரண்டும் குறைகூறத் தக்கவையல்ல. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். மதீனாப் பள்ளிவாசல் எழும்பியபோது கல் சுமந்தார்கள். கரணை பிடிப்பது நமக்கு இழிவன்று. எதுவரை பிடிக்கலாம் என்பதே கேள்வி.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வயோதிகத் தாய் வழுக்கி விழாதிருக்கச் சொரசொரப்பான தரையும், உட்கார்ந்து ஒளூச் செய்ய ஒரு திண்டும் தேவைகள். விருந்தாளி வியக்க வேண்டுமென்று நல்ல ஓடுகளைப் பெயர்த்தெறிவது இஸ்ராஃப்.

கழிப்பிடத்தின் திசையை முதலிலேயே கவனிக்க வேண்டும். சுவர்களுக்குள்ளும் கிப்லாவை முன்னோக்கியோ பின்னோக்கியோ அமர்வது ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ் தஹ்ரீம். ஷாஃபியீ மத்ஹபில் கட்டடத்திற்குள் தடையில்லை; ஆயினும் தவிர்ப்பது மேல். நம் பகுதியில் கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்துள்ளது. ஆகவே வடக்குத் தெற்காகப் பதித்துவிட்டால் இரு சாராருக்கும் நிம்மதி.

இனி, கை எங்கே நிற்க வேண்டும்? ஓடு கோணலானால் நம் கண்ணுக்குத்தான் உறுத்தும். வர்ணம் திட்டுத்திட்டாகப் படிந்தாலும் அப்படியே. ஆனால், மாடிவீட்டில் தரையின் வாட்டமோ, கழிவுக்குழாயின் இணைப்போ பிசகினால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும். அந்தக் கூரைக்குக் கீழே ஒருவர் முஸல்லா விரித்திருக்கலாம்.

இங்கே ஒரு நுட்பமான மஸ்அலா உண்டு. சொட்டும் நீர் எங்கிருந்து வருகிறதென்று கீழ்வீட்டாருக்குத் தெரியாது. உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்ற விதிப்படி, அதைச் சுத்தமென்றே கொண்டு அவர் தொழலாம். ஆனால், அது கழிப்பிடக் குழாயிலிருந்து கசியும் நஜீஸ் என்பது மேல்வீட்டாருக்குத் தெரியுமே! அவருடைய அறியாமையை நம் மௌனத்திற்குத் திரையாக்குவது எவ்விதத்தில் நியாயம்?

அதனால் தரைக்கடியில் போகும் குழாய்களையும், கசிவுத் தடுப்புப் பூச்சையும், கீசருக்கு எர்த் கம்பி இழுப்பதையும் தொழில் தெரிந்தவரிடமே விட வேண்டும். வைத்தியம் அறியாதவன் வைத்தியம் பார்த்து விளைந்த கேட்டிற்கு அவனே பொறுப்பாளி என்பது ஹதீஸின் கருத்து. அதே நியாயம் இங்கும் பொருந்துமென்பது நம் அபிப்பிராயம். தொழிலாளி செய்தாலும், ஓடு பதிக்கும் முன் ஒரு பகலும் ஓர் இரவும் தரையில் தண்ணீரைத் தேக்கிவைத்து, கீழ்வீட்டாரின் அனுமதியுடன் அவர் கூரையைப் பார்த்துவிடுவது நல்லது.

கசிந்துவிட்டால்? அந்தக் குழாயின் உபயோகத்தை உடனே நிறுத்திவிட்டு, நாமே இறங்கிச் சென்று சொல்ல வேண்டும். கூரையைச் செப்பனிடும் செலவு நம்முடையது. கொத்தனாரைத் தேர்ந்தெடுப்பது அவர் இஷ்டம். முகத்தாட்சணியத்திற்காக அவர் "பரவாயில்லை பாய்" என்று சொல்லக்கூடும். அதை ஹலாலாக்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளாமல், மறுநாளே ஆளை அனுப்பிவைக்க வேண்டும்.