யாருடைய பணம்?

2021-ஆம் ஆண்டில் நாமக்கல் மாவட்டத்துக் குழந்தை ஒன்றின் உயிர், 16 கோடி ரூபாய் விலையுள்ள ஒரே ஓர் ஊசி மருந்தை நம்பி இருந்தது. முகம் தெரியாத பலர் கைபேசி வழியே பணம் அனுப்பினார்கள். மருந்தின்மேல் விழவிருந்த சுமார் 6 கோடி ரூபாய் இறக்குமதி வரியை மத்திய அரசு நீக்கிற்று. சட்டத்துக்கும் நெஞ்சு உண்டு என்று மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

சில ஆண்டுகளுக்குப் பிறகு, ராசிபுரத்தில் தேநீர்க் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். அவருடைய தோழர் லாரி ஓட்டுநர். விபத்தில் அடிபட்டு நினைவின்றிக் கிடந்தார். மனைவிக்கு வங்கிக் கணக்கு இல்லை. நண்பர் தம் கணக்கு எண்ணையே கொடுத்து உதவி கேட்டார். பத்து நாளில் 7 லட்சம் ரூபாய் சேர்ந்தது. மருத்துவமனைக்குப் போனது 5,40,000. தோழர் பிழைத்துக்கொண்டார். இப்போது தொல்லை நண்பருக்கு.

"ஏழு லட்சமும் என் வருமானமாம், வரி கட்டணும்னு ஆடிட்டர் சொல்றாருங்க. நான் அதுல ஒரு டீ கூடக் குடிக்கலீங்களே!" என்றார்.

ஆடிட்டர் சொன்னது பொய்யன்று. முன்காலத்தில் நன்கொடை வரி கொடுப்பவர்மேல் இருந்தது. 1958-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் 1998-இல் நின்றது. 2004 முதல் வரி, வாங்குபவர் பக்கம் திரும்பிற்று. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் பெற்ற பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமன்று, முழுத் தொகையும் வருமானமாகிவிடும். பதிவு பெற்ற அறநிலையம் தரும் உதவிக்கு விலக்கு உண்டு. கொரோனாச் சிகிச்சைக்குப் பிறர் தந்த பணத்துக்கும் 2022-இல் விலக்கு அளித்தார்கள். லாரி விபத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். கலியாணத்தில் மணமக்கள் பெறும் அன்பளிப்புக்கு வரி இல்லை. ஆனால் நம் ஊர் மொய் உண்மையில் அன்பளிப்பா? நோட்டில் பெயரும் ஊரும் எழுதி, நாளை திருப்பிச் செய்ய வேண்டிய கடன் அல்லவா அது? திரும்பி வரும் என்று கொடுத்ததற்கு விலக்கு. திரும்பி வராது என்று தெரிந்தே ஒருவர் உயிருக்காகக் கொடுத்ததற்கு வரி! நண்பரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

எனினும் சட்டத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. மேட்டூர்க் கால்வாயை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் என் வயலுக்குள் வராமலே மடை பிரிந்து அடுத்த வயலுக்குப் போய்விட்டால், அது என் தண்ணீர் அன்று. என் வயலில் பாய்ந்த பிறகு நானே அண்டை வயலுக்குத் திறந்துவிட்டால், அது என் தண்ணீரை நான் கொடுத்ததாகும். 1960-இல் சீதல்தாஸ் தீர்த்ததாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த வேறுபாடு ஏறக்குறைய இதுதான். மனைவி மக்களுக்கு நீதிமன்ற ஆணைப்படி கொடுத்த ஜீவனாம்சத்தைத் தம் வருமானத்திலிருந்து கழிக்கக் கேட்டார் ஒருவர். பணம் உம் கைக்கு வந்த பிறகே செலவாயிற்று என்று மறுத்துவிட்டார்கள்.

ஆகவே நண்பர் அதிகாரியிடம் சொல்லத்தக்க நேர்மையான சொல் ஒன்றுதான்: "இது என் பணம் அன்று, நான் வெறும் மடை."

"அப்படியே சொல்லிடறேனுங்க" என்று முகம் மலர்ந்தார்.

"சரி, மீதி 1,60,000 எங்கே?" என்று கேட்டேன்.

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "கணக்குலதாங்க இருக்குது. அவனுக்காகப் பத்து நாள் கடையைச் சாத்திட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தேன். கடைக்குக் கூரை மாத்தலாமான்னு ஒரு ராத்திரி நெனைச்சேனுங்க" என்றார்.

அவரைக் குறை கூற எனக்கு வாய் எழவில்லை. பத்து நாள் வருமானத்தை இழந்தவர் அவர். முன்பே வெளிப்படையாகக் கேட்டிருந்தால், கொடுத்தவர்களில் பலர் மனமுவந்து இசைந்திருப்பார்கள். கேளாமல் எடுக்கும்போதுதான் நியாயமான கூலியும் களவின் சாயலைப் பெறுகிறது.

1882-ஆம் ஆண்டின் இந்திய நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம், நோக்கம் நிறைவேறிய பின் எஞ்சும் சொத்தைக் கொடுத்தவருக்காகவே வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஒரு சட்டம் கையில் வைத்திருப்பவரை உடைமையாளர் என்கிறது. மற்றொன்று காவலர் என்கிறது. நமக்கோ, வரி கட்டும்போது காவலராகவும் மீதியைக் காணும்போது உடைமையாளராகவும் இருக்க ஆசை! இந்த ஆசை நண்பருக்கு மட்டும் உரியதன்று. கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்தவரும், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடப் பணம் திரட்டியவரும் ஓரிரவாவது இதனோடு போராடியிருப்பார்கள்.

பணம் நேரே மருத்துவமனையின் கணக்குக்கோ, பதிவு பெற்ற அறநிலையத்துக்கோ போயிருந்தால் இத்தொல்லையில் பெரும்பகுதி நேர்ந்திராது. ஆனால் உயிர் ஊசலாடும் வேளையில் யார் சட்டம் பார்த்து எண் கொடுக்கிறார்கள்?

மறு வாரம் நண்பர் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் வந்தார். வரவும் மருத்துவமனை ரசீதுகளும் வரிசையாக இருந்தன. கைபேசி வழியே வந்த பணத்துக்குக் கைபேசி வழியே கணக்கும் அனுப்பி, மீதியை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநரின் மனைவியிடம் கொடுக்கச் சொன்னார்கள். இருவர் தம் பங்கைத் திருப்பிக் கேட்டார்கள், அவர்களுக்கு அனுப்பியாயிற்று. கூரையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த நோட்டை அதிகாரி எப்படிப் பார்ப்பார் என்பது அவர் பொறுப்பு. "இது என் பணம் அன்று" என்று இனி நண்பர் கூசாமல் சொல்லலாம். கடையில் மழை ஒழுகும் இடத்தில் இப்போதும் ஒரு வாளி இருக்கிறது.